அக்கா சரி என்கிறாள்

பிரேசர் டவுன், பெங்களூர்
9 ஜூன் 2002, ஞாயிறு

அன்புள்ள கண்டனுக்கு,

இங்கே நலம், அங்கே நலமா என்று ஆரம்பிக்க மனம் வரவில்லை. டி.டி.பி. கடைக்கு இன்று விடுமுறை. முதலாளி சாவியை என்னிடம் கொடுத்திருக்கிறார், கம்ப்யூட்டர் என் ராஜ்யம். என் உடம்பில் இடது கை ஆள்காட்டி விரல் ஒன்றுதான் சொன்ன பேச்சைக் கேட்கும் என்பது உனக்குத் தெரியாததா? ஒரு பக்கம் அடிக்க ஒன்றரை மணி நேரம் ஆகிறது. ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

கார்டியன் நியமிக்கும் கமிட்டியின் ஆர்டர் நேற்று வந்தது. யசோதா சேஷகிரி, வயது முப்பத்தாறு, மூளை முடக்குவாதம் உள்ளவர், இவருடைய தம்பி ஸ்ரீகண்டன் இனி இவருக்குச் சட்டப்படி கார்டியன் என்று போட்டிருக்கிறது. என் பெயருக்கு வந்த ரிஜிஸ்டர் தபாலைப் போஸ்ட்மேன் என் கண்ணெதிரே பக்கத்து வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். ஆரம்பமே அமர்க்களம்.

ஏப்ரல் பதினெட்டாம் தேதியை நீ மறந்திருக்க மாட்டாய். அப்பா போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்தவர் என்னைப் பார்க்காமல் உன்னைப் பார்த்து, "இவரிகெ ஒப்பிகெயா, கேளி" என்றார். எனக்குச் சம்மதமா என்று என்னைக் கேட்கச் சொல்லி உன்னிடம் சொன்னார். நீ கேட்டாய். நான் வாய் வலிக்க ஒரு முழு வாக்கியம் சொன்னேன். நீ அவர் பக்கம் திரும்பி, "அக்கா சரி என்கிறாள், சார்" என்று கன்னடத்தில் சொன்னாய்.

நான் சரி என்று சொல்லவில்லை, கண்டா. வேண்டாம் என்றேன்.

அங்கேயே கத்தியிருக்கலாமே என்பாய். கத்தினேன். அவர்கள் காதில் அது வெறும் சத்தம். "எமோஷனல் ஆயிட்டாங்க, பாவம், தண்ணி கொடுங்க" என்றார் ஓரத்தில் இருந்தவர். தம்ளரை என் வாயில் வைத்ததும் நீதான். அந்தத் தண்ணீரை நான் எப்படி விழுங்கினேன் என்று எனக்கே தெரியவில்லை.

இப்போது வந்திருக்கும் இக்கட்டைச் சொல்கிறேன். இந்த வீட்டை அக்டோபர் முடிவில் காலி செய்ய வேண்டும். ஈஜிபுராவில் சரளாவின் வீட்டுக்கு அடுத்தாற்போல், கீழ்த்தளத்தில் ஒரு போர்ஷன் பார்த்திருக்கிறேன். சரளாவை உனக்குத் தெரியும், எங்களைப் போன்றவர்களுக்கான 'ஜொதெ' சங்கத்தில் வேலை செய்பவள், என் சக்கர நாற்காலியை ஊர் முழுவதும் தள்ளிக்கொண்டு திரிபவள். வீட்டு ஓனர் கோவிந்தப்பா நல்ல மனிதர். வாசற்படியை இடித்துச் சரிவு கட்டித் தருகிறேன் என்று அவராகவே சொன்னார். இந்த ஆர்டரைக் காட்டியதும், "அப்படின்னா உன் ஸைன் நடக்காதேம்மா, தம்பி வந்து போடட்டும்" என்கிறார். நான் எங்கே குடியிருப்பது என்பதே இனி உன் பேனாவில் இருக்கிறது.

நீ செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. அக்கா சரி சொல்லவில்லை என்று கமிட்டிக்கு எழுது.

யசோதா


நாக்பூர்
24 ஜூன் 2002

அன்புள்ள அக்காவுக்கு நமஸ்காரம்.

உன் கடிதம் கிடைத்தது. இங்கே வெயில் இன்னும் இறங்கவில்லை. நிருபமா உனக்காகக் கீழ் அறையை ஒழித்துவிட்டாள். பாத்ரூமில் பிடித்துக்கொள்ள இரண்டு கம்பி வைத்தாயிற்று. வாசலில் சரிவு போடக் கொத்தனார் மூன்று நாள் வேலை செய்தார். "அத்தை எப்பப்பா வருவா?" என்று தேஜஸ் தினமும் கேட்கிறான். இவ்வளவுக்கும் பிறகு நீ ஈஜிபுராவில் போர்ஷன் பார்த்திருக்கிறேன் என்று எழுதினால் நான் என்ன செய்வது?

அப்பா ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பேசியது உன்னைப் பற்றித்தான். "யசோவ விட்டுடாதேடா" என்றார். விடமாட்டேன் என்று அவர் கையைப் பிடித்துச் சொன்னேன். நீயும் அறையில்தான் இருந்தாய்.

நேற்று ஆபீஸிலிருந்து வரும் வழியில் ஒரு பேக்கரியில் நின்று காரா பன் இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். பெங்களூரை விட்டு வந்து பதினோரு வருஷம் ஆகிறது, இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உன்னைச் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து, அப்பாவின் துண்டால் உன் இடுப்பையும் என் இடுப்பையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு கோல்ஸ் பார்க்கைச் சுற்றுவேனே, நினைவிருக்கிறதா? நீ "வேகமா, வேகமா" என்பாய். எதிரே வருகிறவர்களுக்கு அது அழுகை மாதிரி கேட்கும், நிறுத்தி விசாரிப்பார்கள். நீ சிரிக்கிறாய் என்பது எனக்கு மட்டும் தெரியும். பன்னைப் பிய்த்து உனக்கு ஒரு வாய், எனக்கு ஒரு வாய்.

கமிட்டி விஷயம். அந்தக் கார்டியன் ஃபார்மை நானாகத் தேடிப் போகவில்லை. உங்கள் ஜொதெ சங்கத்து பாமா மேடம்தான் கொடுத்தார்கள். இந்தச் சட்டம் வர எத்தனை வருஷம் போராடினோம் தெரியுமா என்று பெருமையாகச் சொல்லிக் கொடுத்தார்கள். எனக்கு மூன்று நாள் லீவ். அன்று மாலை ரயில். உன் நன்மைக்குத்தான் செய்தேன். இதற்கு மேல் அதைக் கிளற வேண்டாம்.

டிக்கெட் போடட்டுமா?

உன் தம்பி
ஸ்ரீகண்டன்


பெங்களூர்
7 ஜூலை 2002

அன்புள்ள கண்டா,

நிருபமாவுக்கு என் நன்றியைச் சொல். கம்பி வைத்த பாத்ரூமைப் படித்ததும் கண் கலங்கியது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று நாள் கொத்தனார் வேலை நடந்த வீட்டில், அக்கா வருகிறாளா என்று அக்காவிடம் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லையே!

நீ சைக்கிளை நினைக்கிறாய். நான் பரீட்சையை நினைக்கிறேன். எனக்குப் பதிலாக எழுத வருகிறவன் எனக்குக் கீழ் வகுப்பில் படிக்க வேண்டும் என்று விதி. நீ எட்டாம் வகுப்பு, நான் எஸ்.எஸ்.எல்.சி. சொந்தக்காரன் எழுதக்கூடாது என்றும் ஒரு விதி இருந்ததாம். வேறு யாருக்கும் என் பேச்சு பிடிபடாது என்பதால் ஹெட்மிஸ்ட்ரஸ் கண்ணை மூடிக்கொண்டாள். உனக்கு அரை டிராயர், மூக்கு நுனியில் வியர்வை, கையில் அப்பாவின் ஹீரோ பேனா. நான் சொல்லச் சொல்ல எழுதினாய். 'என் லட்சியம்' என்று கட்டுரை வந்தது. பி.டி.எஸ். பஸ்ஸில் கண்டக்டர் ஆவேன், ஏறுகிறவர்களை உட்காரவைத்துவிட்டுத்தான் விசில் கொடுப்பேன் என்று நான் சொன்னேன். நீ 'ஆசிரியை ஆவேன்' என்று எழுதினாய். பஸ்ஸில் திரும்பும்போது நீயே சொல்லிவிட்டாய், "கண்டக்டர்னு எழுதினா மார்க் போட மாட்டாங்க அக்கா" என்று. அவென்யூ ரோடு வரைக்கும் சிரித்தோம்.

அந்தச் சிரிப்பில் என் பங்கும் இருக்கிறது. அன்றே உன் காதைத் திருகியிருக்க வேண்டும். மார்க்குக்காக மாற்றினாய், ஒழியட்டும் என்று விட்டேன். இப்போது நன்மைக்காக மாற்றியிருக்கிறாய்.

பாமா மேடத்தைச் சொன்னாய். போன சனிக்கிழமை கூட்டத்தில் நான் இந்த ஆர்டரை மேஜை மேல் வைத்தேன். மேடத்துக்கு முகம் சுருங்கிப்போயிற்று. பிறகு எழுந்து நின்று சொன்னாள்: "எங்களுக்கு அப்புறம் எங்க குழந்தைங்களுக்கு யாருன்னு பத்து வருஷம் கேட்டோம். சட்டம் வந்தன்னிக்கு மைசூர்பாகு கொடுத்தோம். உனக்கு என்ன வேணும்னு என் பையனை நான் கேக்கவே இல்ல. அவனுக்கு நாப்பத்திரண்டு வயசு." அவளுடைய பையன் விக்கி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். "இப்ப கேளு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மேடம் மட்டும் அழுதாள்.

அன்றே ஒரு மனு தயார் செய்தோம். எங்களைக் கேட்காமல் எங்கள் கையெழுத்தைப் பறிக்காதீர்கள் என்பதுதான் சாரம். அறுபத்தொரு பேர் அவரவரால் முடிந்தபடி கையெழுத்துப் போட்டோம். ஒருவர் கால் விரலால் போட்டார். என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி அரைப்பக்கத்தை அடைத்துக்கொண்டது. யாரும் முகம் சுளிக்கவில்லை.

ஊருக்கு மனு போடுகிறேன், என் சொந்தத் தம்பி என் கடிதத்துக்குப் பதில் சொல்லாமல் பன் தின்ற கதை சொல்கிறான்.

டிக்கெட் போடாதே.

யசோதா


நாக்பூர்
19 ஜூலை 2002

அக்காவுக்கு,

கோபத்தோடுதான் எழுதுகிறேன், மன்னித்துக்கொள்.

சங்கத்தில் இருப்பவர்கள் நல்லவர்களாகவே இருக்கட்டும். உன்னைப் பேப்பரில் படம் பிடித்துப் போடுவார்கள், மாலைக்குள் அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். உனக்கு ஜுரம் வந்தால் யார் இருப்பார்கள்? சரளாவுக்கு உன் பேச்சு எவ்வளவு புரியும்? பாதி புரியுமா? நெஞ்சு வலிக்கிறது என்று நீ சொல்லி, அவள் பசிக்கிறது என்று நினைத்துக்கொண்டு உப்புமா கிண்டினால்? இதை யோசித்து யோசித்து எனக்கு இங்கே வேலை ஓடவில்லை.

கார்டியனை நீக்க என்ன வழி என்று நானும் விசாரித்தேன். நீயாகக் கேட்க முடியாதாம். சங்கம் உன் சார்பில் மனுப் போடலாம், ஆனால் கார்டியன் உன்னைக் கொடுமைப்படுத்தினான், கவனிக்காமல் விட்டான், அல்லது உன் சொத்தைத் தின்றான் என்று காட்ட வேண்டும். பாமா மேடமும் சரளாவும் சேர்ந்து எழுதட்டும். யசோதாவின் தம்பி கொடுமைக்காரன் என்று எழுதட்டும். எழுதினால் சந்தோஷமாக விலகிக்கொள்கிறேன்.

ஸ்ரீகண்டன்


பெங்களூர்
4 ஆகஸ்ட் 2002

கண்டா,

எழுதத்தான் உட்கார்ந்தோம். உன் கடிதம் வந்த மறுநாளே.

சரளா என் எதிரில் காகிதத்தை வைத்துக்கொண்டு, "அக்கா, இது சும்மா ஃபார்மாலிட்டி. கவனிக்கலன்னு ஒரு வரி போட்டா போதும். கெலசா முடிஞ்சிடும், வேலை ஆச்சு" என்றாள். சரியான யோசனைதான். ஒரு வரியில் என் கையெழுத்து எனக்குத் திரும்பி வரும். கோவிந்தப்பா வீட்டுச் சாவியைக் கொடுப்பார்.

என்னால் முடியவில்லை. அம்மா போனபோது எனக்குப் பதினான்கு வயது, உனக்குப் பன்னிரண்டு. அதற்குப் பிறகு எனக்குத் தலை வாரிவிட்டது யார்? கோணல் வகிடுதான், ஸ்கூலில் எல்லோரும் சிரிப்பார்கள், இருந்தாலும் வாரிவிட்டது நீ. மே மாதக் கோடை மழையில் என்னை வாசலில் நாற்காலியோடு விட்டுவிட்டு, நனையட்டும், அவளுக்குப் பிடிக்கும் என்று அப்பாவோடு சண்டை போட்டவன் நீ. அப்படிப்பட்டவன் என்னைக் கவனிக்கவில்லை என்று நான் எழுதிக் கொடுத்தால், ஏப்ரலில் நீ சொன்ன பொய்யைவிட அது பெரிய பொய். அன்பாக இருக்கிறான், ஆனாலும் என் கையெழுத்து எனக்கு வேண்டும் என்று சொல்ல அந்தச் சட்டத்தில் ஓர் இடம்கூட இல்லை. சரளாவிடம் காகிதத்தைக் கிழிக்கச் சொன்னேன்.

உப்புமா என்று கேலி செய்தாயே. சரளா என் வீட்டுக்கு வர ஆரம்பித்து மூன்று வருஷம். முதல் ஆறு மாதம் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. மோர் கேட்டால் சோப்பு கொண்டுவருவாள். இருவரும் விழுந்து விழுந்து சிரிப்போம். இப்போது முக்கால் புரிகிறது, மீதியைத் திருப்பிக் கேட்கிறாள். நீ அப்படிக் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று? நான் வாயைத் திறக்கும் முன்பே உனக்கு எல்லாம் தெரிந்துவிடும். அதுதான் பயமாக இருக்கிறது.

உண்மையை நீயாகச் சொன்னால், நடந்த விசாரணையே தப்பு என்று கமிட்டியை மறுபடி கூட்டக் கேட்கலாம் என்று பாமா மேடம் வக்கீலைக் கேட்டுச் சொல்கிறாள். உன் கடிதம் ஒன்று போதும். ஆனால் நீ நேரில் வராதே. நீ அறையில் இருந்தால் அவர்கள் உன்னைத்தான் பார்ப்பார்கள்.

அவர்களுக்கு என் பேச்சு புரியாமல் போகலாம். போகட்டும்.

யசோதா


நாக்பூர்
15 செப்டம்பர் 2002

அன்புள்ள அக்கா,

ஆறு வாரம் பதில் போடவில்லை. மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

நிருபமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உன் பாத்ரூமுக்குக் கம்பி வாங்கக் கடை கடையாக ஏறி இறங்கியவள் அவள். திட்டுவாள் என்று நினைத்தேன். "அக்கா உண்மையில என்னதான் சொன்னா?" என்று மட்டும் கேட்டாள். ஏப்ரலிலிருந்து யாரிடமும் சொல்லாததை அவளிடம்தான் முதலில் சொன்னேன். சொல்லி முடித்ததும் அழுதுவிட்டேன், அக்கா. தேஜஸ் பயந்துபோனான்.

உன் வாக்கியம் எனக்கு முழுக்கப் புரிந்தது. லீவ் இல்லை, ரயிலுக்கு நேரமாயிற்று என்பதெல்லாம் சாக்கு. அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு உண்மைதான், அதற்குப் பின்னால் இன்னொன்று இருக்கிறது. சொல்ல வெட்கமாக இருக்கிறது. உன் பேச்சு இந்த உலகத்தில் எனக்கு மட்டும் புரியும் என்பதில் எனக்கு ஒரு கர்வம். இங்கே ஆபீஸில் என்னைப்போல் நாற்பது இன்ஜினியர் இருக்கிறார்கள். பெங்களூரில் வந்து இறங்கினால், உன் பக்கத்தில் நின்றால், நான் இல்லாமல் ஒன்றும் நடக்காது. சரளா அன்று கமிட்டி வாசலில் உன்னிடம் ஏதோ கேட்டு, நீ பதில் சொல்லி, அவள் சிரித்தாளே, அதைப் பார்த்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. உள்ளே வந்து அந்தப் பொய்யைச் சொன்னேன்.

கமிட்டிக்கு அனுப்பியதன் நகலைக் கீழே எழுதியிருக்கிறேன். மூலம் நேற்று ரிஜிஸ்டர் தபாலில் போய்விட்டது.

"18.4.2002 அன்று தங்கள் முன் என் சகோதரி யசோதா கூறியதை நான் வேண்டுமென்றே மாற்றிச் சொன்னேன். அவர் சம்மதிக்கவில்லை. அவர் கூறிய சொற்கள் இவை: 'கார்டியன் வேண்டாம். எனக்கு இருக்கிறது ஒரே தம்பி. அவனையும் அதிகாரியாக்கிவிட்டால் எனக்குத் தம்பி இல்லாமல் போய்விடுவான்.' இந்த ஆர்டரை ரத்து செய்து, அவரையே நேரில் கேட்குமாறு வேண்டுகிறேன்."

நீ சொன்னபடி நான் வரமாட்டேன். உன்னைத் தனியாக அந்த அறைக்குள் அனுப்பிவிட்டு இங்கே உட்கார்ந்திருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்பதை மட்டும் தெரிந்துகொள்.

கண்டன்


பெங்களூர்
20 அக்டோபர் 2002

அன்புள்ள கண்டா,

பத்தாம் தேதி விசாரணை நடந்தது. பதினேழாம் தேதி ஆர்டர் ரத்தாகி வந்தது. நேற்றுக் கோவிந்தப்பாவின் அக்ரிமென்ட்டில் கையெழுத்துப் போட்டேன். அவர் விட்டிருந்த இடம் போதவில்லை, பாதி கையெழுத்து பின்பக்கம் போயிற்று. "பரவால்ல, நம்மளுதுதானே பேப்பர்" என்றார். வெள்ளிக்கிழமை குடிபோகிறேன். விவரத்தை இந்த வரிசையில் சொல்வதற்குக் காரணம், நீ நகம் கடித்துக்கொண்டு படிப்பாய் என்று தெரியும்.

இனி நடந்ததைக் கேள். கமிட்டியில் ஆள் மாறியிருந்தார்கள். நடுவில் ஒரு பெண் அதிகாரி, மூக்குக்கண்ணாடி, கடுகடுவென்ற முகம். உன் கடிதத்தை உரக்கப் படித்தாள். நான் சொன்ன சொல் வேறொருவர் வாயிலிருந்து, எழுத்து மாறாமல், அந்த அறையில் கேட்டது. சரளா உதவ வாயெடுத்தாள், அதிகாரி அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டாள். போச்சு என்று நினைத்தேன். உன்னை வராதே என்று சொன்ன என் கொழுப்பை நானே திட்டிக்கொண்டேன்.

கார்டியன் வேண்டுமா என்று அவள் என்னிடமே கேட்டாள். நான் கன்னடத்தில் பதில் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அர்த்த ஆகலில்ல. இன்னொந்து ஸல ஹேளி" என்றாள்.

புரியவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்கிறாள்! கண்டா, முப்பத்தாறு வருஷத்தில் எந்த அதிகாரியும், எந்த டாக்டரும், எந்த டீச்சரும் இதை என் முகத்தைப் பார்த்துச் சொன்னதில்லை. புரியாவிட்டால் உடனே உன் பக்கமோ அப்பா பக்கமோ திரும்புவார்கள். அங்கே திரும்ப ஆள் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, அதில் பேச்சு இன்னும் குழறிற்று. இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை. நாலாம் தடவை அவளே எழுதிக்கொண்டு நோட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். ஒரு சொல் தப்பு. தலையை ஆட்டினேன். அடித்துத் திருத்தி எழுதினாள்.

கடைசியாக ஒரு கேள்வி கேட்டாள்: "உங்க தம்பி மேல ஏதாவது புகார் இருக்கா?"

இருக்கிறது என்றேன். பேனாவைத் திறந்து தயாராக வைத்துக்கொண்டாள். ஓரத்தில் இருந்த இருவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"ஏப்ரலுக்கு அப்புறம் என்னைப் பார்க்க வரவே இல்லை" என்றேன்.

முதல் தடவையிலேயே புரிந்துவிட்டது அவளுக்கு. பேனாவை மூடிவிட்டுச் சிரித்தாள். எழுதிக்கொள்ளுங்கள் என்று நான்தான் வற்புறுத்தினேன், அதனால் அது கமிட்டி ரிக்கார்டில் ஏறியிருக்கிறது. தீபாவளிக்கு இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது. உடனே டிக்கெட் போடு, நிருபமாவையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு வா.

உன் அக்கா
யசோதா